மும்பை ஃபேப்ரிக்கையும் பெங்களூரு ஃபேப்ரிக்கையும் ஒட்டாமல் இணைப்பது எப்படி

நவி மும்பை மஹாபேயில் 24 லீஃப் சுவிட்சுகள் (சர்வர்கள் நேரடியாகச் செருகப்படுபவை) கொண்ட ஒரு டேட்டா சென்டர், பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் 16 லீஃப் கொண்ட இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் விஎக்ஸ்லேன் (விலேன் எனப்படும் லேயர் 2 வலைப் பிரிவுகளை ஐபி வலையின்மேல் டன்னல் போட்டு நீட்டும் முறை), இவிபிஎன் (எந்த முகவரி எங்கே இருக்கிறது என்று பிஜிபி ரூட்டிங் நெறிமுறை வழியே சொல்லும் முறை) தனித்தனியே ஒழுங்காக ஓடுகின்றன. இப்படி ஒன்றாக இயங்கும் சுவிட்ச் தொகுதியைத்தான் ஃபேப்ரிக் என்கிறோம். பேரிடர்க் காப்புக்காக இரண்டையும் இணைக்க வேண்டும். பெங்களூரில் இந்த வேலையில் இருக்கும் நம்மவர்கள் மேசைக்கு அந்தக் கோரிக்கை பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வந்து சேரும்: ‘மும்பையில் இருக்கும் விலேன் அப்படியே இங்கேயும் கிடைக்க வேண்டும்.’

கொடுக்க முடியும். ஆனால் ஒவ்வொரு லீஃபும் மறுபக்கத்து ஒவ்வொரு லீஃபோடும் நேரடியாக டன்னல் போடும்படி விட்டுவிட்டால், இரண்டு டேட்டா சென்டர்கள் 40 லீஃப் கொண்ட ஒரே டேட்டா சென்டராகிவிடும். மும்பையில் ஒரு சர்வர் பிராட்காஸ்ட் புயலைக் கிளப்பினால் அது பெங்களூரையும் சேர்த்தே சாய்க்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பில் மும்பை நிலநடுக்க மண்டலம் 3-இலும், பெங்களூரு மண்டலம் 2-இலும் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஆபத்துகளைப் பிரித்து வைக்கத்தான் இரண்டாவது இடத்துக்குப் பணம் செலவழிக்கிறோம். அந்தப் பிரிவை நெட்வொர்க்கே அழித்துவிடக் கூடாது. ஆகவே இணைத்த பிறகும் இவை இரண்டு ஃபேப்ரிக்குகளாகவே இருக்க வேண்டும். நடுவில் காவல் போட்ட வாசல் ஒன்று மட்டும் திறந்திருக்க வேண்டும். கீழே வரும் எல்லாமே அந்த வாசலை எப்படிக் கட்டுவது என்பது பற்றித்தான்.

முதலில் எது கடக்க வேண்டும் என்று எழுதுங்கள்

லிங்க் வாங்கும் முன் அப்ளிகேஷன் குழுவோடு உட்கார்ந்து ஒவ்வொரு சப்நெட்டையும் இரண்டில் ஒரு பெட்டியில் போடுங்கள்: ரூட்டிங் மட்டும் போதுமானவை, லேயர் 2, அதாவது விலேனே, நீண்டே ஆக வேண்டியவை. முதல் பெட்டிக்கு இவிபிஎன் டைப் 5 ரூட், அதாவது ஐபி பிரிஃபிக்ஸ் ரூட், போதும். 2021-இல் ஆர்எஃப்சி 9136 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளிவந்தது இதுதான். ஒரு விஆர்எஃப்-க்கு (தனி ரூட்டிங் டேபிளுக்கு) ஒரு லேயர் 3 விஎன்ஐ (விஎக்ஸ்லேன் அடையாள எண்), சப்நெட்டுக்கு ஒரு ரூட். மேக் முகவரி எதுவும் எல்லை தாண்டாது, பிராட்காஸ்டும் தாண்டாது. இரண்டாவது பெட்டியில் உண்மையிலேயே வேறு வழியில்லாதவை மட்டும் விழ வேண்டும்: ஐபி மாற்ற முடியாத பழைய அப்ளிகேஷன், ஒரே சப்நெட்டில் மட்டும் ஹார்ட்பீட் போகும் கிளஸ்டர், ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் மாற்றப்படும் விர்ச்சுவல் மெஷின்.

‘எதற்கும் எல்லாவற்றையும் நீட்டிவிடலாம்’ என்ற யோசனைக்கு இணங்காதீர்கள். 200 விலேன் கேட்ட இடத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

இதே கூட்டத்தில் ஸ்டோரேஜ் குழுவிடமும் தூரத்தைச் சொல்லிவிடுங்கள். ஃபைபரில் ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோசெகண்ட் எடுக்கும். பெங்களூரிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 840 கிலோமீட்டர். ஃபைபர் நேர்கோட்டில் போகாது. 1,500 கிலோமீட்டர் சுற்றி வந்தால் போய்த் திரும்ப 15 மில்லிசெகண்ட், அதோடு நடுவிலுள்ள கருவிகளின் தாமதம். கணக்குக்கு 20 என்று வையுங்கள். விஎம்வேரின் விசான் ஸ்ட்ரெச்டு கிளஸ்டர் (இரு தளங்களில் நீளும் ஒரே ஸ்டோரேஜ்) டேட்டா இருக்கும் இரு தளங்களுக்கு நடுவே 5 மில்லிசெகண்ட் வரைதான் அனுமதிக்கிறது. ஆகவே இந்த இரு ஊர்களுக்கிடையே அது நடக்காது. ஓடும் மெஷினை நகர்த்தும் நெடுந்தூர விமோஷன் 150 மில்லிசெகண்ட் வரை தாங்கும், அது நடக்கும். ஆனால் நகர்ந்த மெஷினின் டிஸ்க் மும்பையிலேயே இருந்தால் அது எழுதும் ஒவ்வொரு பிளாக்கும் 20 மில்லிசெகண்ட் காத்திருக்கும். டிஸ்க்கும் ஏசின்க் ரெப்ளிகேஷனில் (எழுதுபவரைக் காக்க வைக்காமல் பின்னால் நகலெடுப்பதில்) முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

லிங்க் வாங்கும்போது எழுத்தில் கேட்க வேண்டியவை

இரண்டு ஆபரேட்டர்களிடம் இரண்டு லிங்க் எடுத்துவிட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். இரண்டும் ஒரே பள்ளத்தில் ஓடுவது சாதாரணம். இந்த இரு ஊர்களுக்கு நடுவே ஒரு பாதை தேசிய நெடுஞ்சாலை 48-ஐ ஒட்டித் தும்கூரு, ஹுப்பள்ளி, பெலகாவி, கோலாப்பூர் வழியாகப் போகலாம். இன்னொன்று ரயில் பாதையை ஒட்டிக் குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் வழியாகப் போகலாம். இரண்டும் வெவ்வேறுதான், புனே வரை. அதன்பின் மலையிறக்கத்தில் ஒன்றாகிவிடுகின்றனவா என்று பாருங்கள். ‘டைவர்ஸ் ரூட்’ என்ற சொல்லை ஏற்காமல், கூகுள் எர்த்தில் திறந்து பார்க்கக்கூடிய வரைபடக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கட்டடத்துக்குள் ஃபைபர் நுழையும் இடமும் இரண்டாக இருக்க வேண்டும். பெங்களூரில் மெட்ரோ வேலையும் சாலை தோண்டலும் ஓயாத பகுதிகளில் கடைசி 2 கிலோமீட்டரில்தான் ஃபைபர் அதிகம் அறுபடும்.

அடுத்தது எம்டியூ, அதாவது லிங்க் துண்டாக்காமல் ஏற்கும் மிகப் பெரிய பாக்கெட் அளவு. இந்த வேலையில் அதிக இரவுகளைத் தின்பது இந்த ஒரு எண்தான், ஆகவே கணக்கை முழுதாகச் செய்து பாருங்கள். சர்வர் அனுப்பும் ஐபி பாக்கெட் 1,500 பைட். அதன் ஈதர்நெட் தலைப்பு 14, உள்ளே விலேன் டேக் போனால் 4, விஎக்ஸ்லேன் தலைப்பு 8, யுடிபி 8, வெளி ஐபி 20. மொத்தம் 1,554. அதாவது லிங்கின் ஐபி எம்டியூ 1,554-க்குக் குறைந்தால் முழு அளவு பாக்கெட் போகாது. வெளிப்புறம் ஐபிவி6 என்றால் மேலும் 20. இதன்மேல் ஐபிசெக் என்கிரிப்ஷன் போட்டால், ஏஇஎஸ்-ஜிசிஎம் டன்னல் மோடில் ஏறக்குறைய 57 பைட் கூடும். நடுவில் முகவரி மாற்றும் நாட் (NAT) இருந்து யுடிபிக்குள் போனால் இன்னும் 8. இப்போது 1,619. வழக்கமாக எழுதப்படும் ‘1,600 போதும்’ என்ற வரி இங்கேதான் கவிழ்கிறது. ஐபிசெக் உள்ள லிங்குக்கு 1,700-ஆவது கேளுங்கள். முடிந்தால் 9,000 கேளுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் ஐபி எம்டியூவா ஈதர்நெட் ஃபிரேம் அளவா என்பதையும் குறிப்பிடுங்கள், ஏனெனில் இரண்டுக்கும் 14 முதல் 22 பைட் வரை வித்தியாசம் வரும்.

சர்வர்கள் ஏற்கெனவே 9,000 ஜம்போவில் இருந்தால் எதிர்த் திசையில் சிக்கல். ஃபேப்ரிக்கில் 9,216 வைத்திருப்பீர்கள், உள்ளே எல்லாம் சரியாகப் போகும். ஆபரேட்டர் 9,000 கொடுத்தால் விஎக்ஸ்லேனுக்குள் அடங்குவது 8,946 மட்டுமே, ஐபிசெக்கோடு 8,881. நீட்டப்படும் சப்நெட்டுகளின் சர்வர்களை 8,800-க்கு இறக்கிவிடுங்கள். 1,500-க்கு மேல் தரமுடியாத இணைய லிங்க்தான் கிடைக்கிறது என்றால் சர்வர் பக்கம் 1,350 வையுங்கள். லேயர் 2-இல் போகும் டிசிபிக்கு நடுவிலிருந்து எம்எஸ்எஸ்-ஐ (ஒரு டிசிபி துண்டின் உச்ச அளவை) குறைக்க சுவிட்ச் உதவாது.

ஏன் துண்டாக்கிக்கொள்ள முடியாது? விஎக்ஸ்லேனை வரையறுக்கும் 2014-இன் ஆர்எஃப்சி 7348, விடெப் (டன்னலின் முனையில் இருக்கும் கருவி) தன் பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. நடுவழி ரவுட்டர் துண்டாக்கினால் மறுமுனை விடெப் அதைச் சத்தமில்லாமல் தூக்கி எறியலாம். ‘பாக்கெட் பெரிது’ என்ற ஐசிஎம்பி செய்தி வந்தாலும் அது விடெப்புக்குத்தான் வரும், சர்வருக்குப் போகாது. அதனால் பிங் போகும், எஸ்எஸ்ஹெச் லாகின் ஆகும், பெரிய கோப்பைத் திறந்ததும் திரை உறையும். டிஎல்எஸ் கைகுலுக்கலில் சான்றிதழ் அனுப்பும் இடத்தில் நின்றுபோகும். அப்ளிகேஷன் குழு ஃபயர்வாலைச் சந்தேகிக்கும். இந்த அறிகுறிகளைக் கண்டால் வேறெதையும் தொடும் முன் எம்டியூவைப் பாருங்கள்.

மூன்றாவது, வேகம். 10 கிகாபிட் போர்ட்டில் 1 கிகாபிட் ஒப்பந்தம் என்றால் ஆபரேட்டர் அதைப் போலீசர் வைத்துக் கட்டுப்படுத்துவார். மீறும் பாக்கெட் வரிசையில் நிற்காமல் விழும். உங்கள் பக்கம் ஷேப்பிங் (மீறுவதை வரிசையில் நிறுத்தி அனுப்புதல்) இல்லாவிட்டால் சராசரி 400 மெகாபிட் காட்டும் லிங்கிலும் டிசிபி தள்ளாடும், ஏனெனில் சில மில்லிசெகண்ட் வெடிப்புகள் சராசரியில் தெரிவதில்லை. வெளிச்செல்லும் போர்ட்டில் 950 மெகாபிட்டுக்கு ஷேப் செய்யுங்கள். டேட்டா சென்டர் சுவிட்சுகள் பலவற்றில் பஃபர் சிறியது. அந்த இடத்தில் ஆழமான பஃபர் கொண்ட ரவுட்டர் வைப்பது செலவுக்குத் தகும்.

என்கிரிப்ஷன்

விஎக்ஸ்லேனில் அடையாளச் சோதனை எதுவும் இல்லை. சரியான விஎன்ஐயோடு யுடிபி 4789-க்குப் பாக்கெட் அனுப்ப முடிந்த எவரும் உங்கள் விலேனுக்குள் ஃபிரேம் போடலாம். ஆகவே லிங்க் எதுவாக இருந்தாலும் நெடுந்தூர இன்டர்ஃபேஸில் மறுமுனை கேட்வே முகவரிகளிலிருந்து மட்டும் 4789-ஐ அனுமதிக்கும் ஏசிஎல் (வடிகட்டும் பட்டியல்) கட்டாயம்.

டார்க் ஃபைபரிலோ டிடபிள்யூடிஎம் அலைவரிசையிலோ மேக்செக் (ஈதர்நெட் அளவிலேயே செய்யும் என்கிரிப்ஷன்) சிறந்தது: வயர் வேகத்தில் ஓடும், 32 பைட்தான் கூடும். ஆபரேட்டரின் ஈதர்நெட் சேவைமேல் போட்டால் ஒரு பொறி உண்டு. சாவி பரிமாறும் இஏபிஓஎல் ஃபிரேம்களை நடுவிலுள்ள சுவிட்ச் தனக்கு வந்ததாக நினைத்து விழுங்கிவிடும். லிங்க் அப் ஆகும், மேக்செக் மட்டும் எழாது. அந்த ஃபிரேம்களின் இலக்கு முகவரியையும் ஈதர்டைப்பையும் மாற்றும் வசதி உங்கள் கருவியில் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள்.

ஐபிசெக்கில் வேறு சிக்கல். விஎக்ஸ்லேன் உள் பாக்கெட்டின் ஹாஷை யுடிபி மூலப் போர்ட்டில் வைப்பதால்தான் பல பாதைகளில் சுமை பிரிகிறது. ஐபிசெக் அந்தப் போர்ட்டை மூடிவிடும்; வெளியே தெரிவது ஒரே மூலம், ஒரே இலக்கு. மொத்தப் போக்குவரத்தும் ஒரே லிங்கில், பல கருவிகளில் ஒரே பிராசசர் கோரில் போய் நிற்கும். 4 அல்லது 8 டன்னல்களாகப் பிரித்து அவற்றின்மேல் ஈசிஎம்பி (சம பாதைகளில் சுமையைப் பிரித்தல்) ஓடவிடுங்கள்.

எண்களைத் தாளில் முடித்துவிடுங்கள்

இரண்டு ஃபேப்ரிக்கும் ஒரே டெம்ப்ளேட்டில் பிறந்திருந்தால், இரண்டிலும் விடெப் லூப்பேக் (எந்தப் போர்ட்டையும் சாராத கருவி முகவரி) 10.255.0.1 இருக்கும். இணைக்கும்வரை அது தெரியாது. இணைத்த பின் ரூட் டிஸ்டிங்குவிஷரும் (ரூட்டுகளை வேறுபடுத்தும் முன்னொட்டும்) மோதும். ஒரு பக்கத்து ரூட் மறுபக்கத்து ரூட்டை மறைக்கும். மும்பைக்கு 10.255.16.0/20, பெங்களூருக்கு 10.255.32.0/20 என்று வெட்டிக்கொண்டு, மோதும் லூப்பேக்கை இணைப்புக்குச் சில வாரங்கள் முன்பே மாற்றிவிடுங்கள்.

ஏஎஸ் எண்களும் (பிஜிபியில் ஒரு வலையின் அடையாள எண்) வேறுவேறாக இருக்கட்டும்: மும்பை 65101, பெங்களூரு 65201. ஒரே எண் வைத்தால் மறுபக்கத்து ரூட்டைப் பிஜிபி தன் எண்ணைப் பார்த்துத் தள்ளிவிடும். அதைத் தாண்ட அனுமதி கொடுத்தால் லூப் தடுப்பையே கழற்றியதாகும்.

எண் வேறானதும் ரூட் டார்கெட் (எந்த ரூட்டை யார் இறக்குமதி செய்வது என்று சொல்லும் குறி) கவனிக்கப்பட வேண்டும். தானாக உருவாகும் டார்கெட்டில் ஏஎஸ் எண்ணும் விஎன்ஐயும் இருக்கும்: மும்பை 65101:10100 என்று ஏற்றுமதி செய்யும், பெங்களூரு 65201:10100-ஐ எதிர்பார்க்கும். செஷன் எழும், ரூட்டுகள் வந்து குவியும், ஒன்றுகூட இறக்குமதி ஆகாது. நெடுந்தூரப் பக்கத்துக்கென்று 65000:10100 போன்ற ஒரு பொது டார்கெட்டைக் கையால் வைப்பதே தெளிவான வழி; சிஸ்கோ நெக்ஸஸில் ஏஎஸ் பகுதியைத் தானே மாற்றிக்கொள்ளும் கட்டளையும் உண்டு. 4 பைட் ஏஎஸ் எண் வைத்தவர்கள் தானியங்கி டார்கெட்டை நம்பவே வேண்டாம்: டார்கெட்டில் மதிப்புக்கு உள்ளது 6 பைட், அதில் 4 போனால் மிஞ்சும் 2 பைட்டில் 65,535-க்கு மேற்பட்ட விஎன்ஐ அடங்காது.

விஎன்ஐ இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கேட்வேயில் மொழிபெயர்க்கலாம். ஆனால் அது இரவு 3 மணிக்குத் தலை சுற்ற வைக்கும்.

கேட்வே கட்டுதல்

ஒரு தளத்துக்கு இரண்டு பார்டர் கேட்வே வையுங்கள். உள் ஃபேப்ரிக்கின் டன்னல் இங்கே முடியும். மறுபக்கத்துக்கான டன்னல் இங்கே புதிதாகத் தொடங்கும். 2021-இன் ஆர்எஃப்சி 9014 விவரிப்பது இந்த அமைப்பைத்தான். சிஸ்கோவில் ‘மல்டிசைட்’, ஜூனிப்பரில் ‘இன்டர்கனெக்ட்’, அரிஸ்டாவில் ‘டொமைன் ரிமோட்’ என்று வெவ்வேறு சொற்கள். அடிப்படை வேலை ஒன்று. இரண்டு நிறுவனக் கருவிகளைக் கலக்கப் போகிறீர்கள் என்றால் வாங்கும் முன் லேபில் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள், குறிப்பாக பிராட்காஸ்ட் பகுதியை.

பயன் எண்ணில் தெரியும். கேட்வே இல்லாமல் மும்பை லீஃப் ஒன்றிலிருந்து ஒரு ஏஆர்பி (ஓர் ஐபிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்கும் பிராட்காஸ்ட்) கிளம்பினால் பெங்களூரின் 16 லீஃப்களுக்கும் 16 நகல்கள் நெடுந்தூர லிங்கில் போகும். கேட்வே இருந்தால் எதிர்த்தள கேட்வே ஒன்றுக்கு ஒரு நகல், அதிகபட்சம் 2. உள்ளே பெருக்குவது பெங்களூரு கேட்வேயின் வேலை. மும்பையின் 24 லீஃப்களும் பெங்களூரின் லீஃப் ஒன்றைக்கூட அறிய வேண்டாம்.

ஒவ்வொரு கேட்வேயிலும் மூன்று லூப்பேக்: பிஜிபிக்கு ஒன்று, தனக்கே உரிய விடெப் ஒன்று, தளத்தின் இரண்டு கேட்வேக்கும் பொதுவான விடெப் ஒன்று. லிங்குக்கு /31 கொடுத்து வெளிப்புற பிஜிபியில் இந்த முகவரிகளை மட்டும் அறிவியுங்கள்; ஆக ஒரு தளத்துக்கு 5. லீஃப் லூப்பேக் ஒன்றுகூட வெளியே போகாதபடி பிரிஃபிக்ஸ் லிஸ்ட் போடுங்கள். இந்த வடிகட்டி விட்டுப்போனால், கேட்வேயைச் சுற்றிக்கொண்டு லீஃபுகள் நேராகப் பேசத் தொடங்கும் வழி திறந்துவிடும்.

அதன்மேல் லூப்பேக்கிலிருந்து லூப்பேக்குக்கு இவிபிஎன் செஷன். இங்கே மூன்று இடறல்கள். வெளிப்புற பிஜிபியின் டிடிஎல் இயல்பாக 1. மல்டிஹாப் போடாவிட்டால் செஷன் எழாது. எக்ஸ்டெண்டட் கம்யூனிட்டி அனுப்பச் சொல்லாவிட்டால் ரூட் டார்கெட் வழியிலேயே உதிர்ந்துவிடும். ரூட் வரும், பயனில்லை. நடுவில் ரூட் சர்வர் வைத்தால், அது நெக்ஸ்ட் ஹாப்பை மாற்றக் கூடாது, தன்னிடம் விஆர்எஃப் இல்லை என்பதற்காக ரூட்டுகளை எறியவும் கூடாது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லி வைக்க வேண்டும்.

ஒரே தளத்தின் இரண்டு கேட்வேக்கும் ஒரே சைட் அடையாளம், மறுதளத்துக்கு வேறு அடையாளம். இதைத் தவறாக அடித்தால் பக்கத்து ரேக்கில் இருக்கும் தன் ஜோடியையே தூரத்துத் தளம் என்று நினைத்து, பிராட்காஸ்ட்டை இரண்டு பேரும் உள்ளே அனுப்புவார்கள். இரட்டை பாக்கெட், தாவும் மேக் முகவரி என்று தொடங்கி லூப்பில் முடியும்.

பிறகு டிராக்கிங். ஒரு கேட்வேயின் ஸ்பைன் (லீஃபுகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச்) பக்க லிங்குகள் எல்லாம் விழுந்துவிட்டன, நெடுந்தூர லிங்க் மட்டும் உயிரோடு இருக்கிறது என்றால், அது பொது விடெப் முகவரியை உடனே திரும்பப் பெற வேண்டும். இல்லாவிட்டால் மறுபக்கம் பாதிப் போக்குவரத்தை அதனிடம் அனுப்பிக்கொண்டே இருக்கும். அது கிணற்றில் விழும். எதிர்த் திசைக்கும் அப்படியே. ரீபூட் ஆனதும் பிஜிபி முழுதாக நிரம்பும் முன் பொது முகவரியை அறிவித்தாலும் இதே கதிதான். 300 செகண்ட் தாமதம் வையுங்கள்.

பிஜிபியின் வழக்கமான ஹோல்ட் நேரம் பல கருவிகளில் 180 செகண்ட். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டி 300 மில்லிசெகண்ட், 3 முறை என்றால் 900 மில்லிசெகண்டில் தெரிந்துவிடும். இதற்கும் கீழே போக ஆசைப்படாதீர்கள். ஆபரேட்டர் வலை பாதுகாப்புப் பாதைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் உங்கள் செஷன் விழுந்து எழுந்தால், லிங்க் அறுபட்டதைவிட அதிக சேதம் வரும்.

லேயர் 2 நீண்ட இடத்தில் கவனிக்க

கேட்வேயில் பிராட்காஸ்ட், அறியா யூனிகாஸ்ட், மல்டிகாஸ்ட் மூன்றுக்கும் வேக வரம்பு வையுங்கள். 1 கிகாபிட் லிங்கில் மூன்றும் சேர்ந்து 10 மெகாபிட்டைத் தாண்ட வேண்டிய காரணம் அரிது. ஏஆர்பி சப்ரஷனையும் (கேள்விக்கு உள்ளூர் சுவிட்சே பதில் சொல்லிவிடுவது) போட்டால் பெரும்பாலான ஏஆர்பி எல்லைக்கே வராது.

நீட்டிய சப்நெட்டின் எனிகாஸ்ட் கேட்வே (எல்லா லீஃபிலும் ஒரே முகவரியோடு இருக்கும் வெளிவழி) ஐபியோடு அதன் மேக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். மேக் வேறென்றால் நகர்ந்த மெஷின் பழைய ஏஆர்பி பதிவோடு வந்து நிற்கும். அது காலாவதியாகும்வரை வெளியே போகாது. சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடுவதால் காரணம் கண்டுபிடிக்கப்படாமலேயே போகும்.

பழைய லிங்க் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் யாரோ நீட்டிய விலேன், இன்னும் எடுக்கப்படாத லீஸ்டு லைன் ஒன்றில் உயிரோடு இருந்தால் அது பின்வாசல். விஎக்ஸ்லேன் வழியே ஸ்பானிங் ட்ரீ கடப்பதில்லை, ஆகவே அந்த லூப்பை யாரும் உடைக்கமாட்டார்கள். மேக் தாவல்தான் முதல் அடையாளம்: இவிபிஎன்னுக்கான ஆர்எஃப்சி 7432-இன் இயல்பு மதிப்பில், 180 செகண்டில் ஒரு மேக் 5 முறை இடம் மாறினால் அது இரட்டை மேக் என்று குறிக்கப்பட்டு அதன் அறிவிப்பு உறையும். அந்தப் பதிவை அழித்துவிட்டு நகராதீர்கள். எந்தப் போர்ட்டில் மாறி மாறித் தெரிகிறது என்று பாருங்கள்.

ஃபயர்வால் இருக்கும் இடத்தில் திசை முக்கியம். மெஷின் பெங்களூருக்கு நகர்ந்துவிட்டது, கிளை அலுவலகங்களோ அந்தச் சப்நெட்டுக்கு மும்பை வழியாகவே வருகின்றன என்றால் கேள்வி மும்பை ஃபயர்வால் வழியே வரும், பதில் பெங்களூரு ஃபயர்வால் வழியே போகும். அந்தக் கனெக்‌ஷனை அது பார்த்ததே இல்லை, ஆகவே தள்ளிவிடும். கிளை வலைக்கு /32 ஹோஸ்ட் ரூட் அறிவித்து உள்வரவையும் கூடவே நகர்த்துங்கள். அது முடியாத இடத்தில் வெளிச்செல்லும் வழியை ஒரே தளத்தில் கட்டிப்போடுங்கள். ஃபயர்வால் ஜோடியைப் பிரித்து ஊருக்கு ஒன்றாக வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். லிங்க் அறுந்ததும் இரண்டும் தன்னையே முதன்மை என்று நினைக்கும்.

கிளஸ்டரின் விட்னஸுக்கும் (தொடர்பு அறுந்தால் எந்தப் பக்கம் முதன்மை என்று தீர்க்கும் மூன்றாவது உறுப்பு) இதே காரணம். அது மும்பையிலும் வேண்டாம், பெங்களூரிலும் வேண்டாம். சென்னையிலோ ஹைதராபாத்திலோ, இந்த இரண்டு லிங்குகளைச் சாராத வழியில் இருக்கட்டும்.

சோதனை இந்த வரிசையில்

கீழிருந்து மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் ஒரே நேரத்தில் ஐந்து காரணங்கள் சாத்தியமாகத் தெரியும்.

1. கேட்வே லூப்பேக்கிலிருந்து எதிர் லூப்பேக்குக்கு, துண்டாக்கக் கூடாது என்ற பிட்டை ஏற்றி பிங். லினக்ஸ் பிங்கில் தரும் அளவில் 28 பைட் தலைப்புகள் சேராது. 1,600 எம்டியூவைச் சோதிக்க 1,572, 9,000-ஐச் சோதிக்க 8,972. சில கருவிகளில் கொடுக்கும் எண்ணே முழு அளவு. எது என்று தெரிந்துகொண்டு அடியுங்கள். இரண்டு லிங்குகளையும் தனித்தனியே, இரண்டு திசையிலும்.

2. இவிபிஎன் செஷன் எழுந்ததும் டைப் 3 ரூட்டை (பிராட்காஸ்டை யாருக்கு அனுப்புவது என்று சொல்வது) தேடுங்கள். நீட்டிய ஒவ்வொரு விஎன்ஐக்கும் எதிர் கேட்வேயிடமிருந்து ஒன்று வர வேண்டும். அது இல்லாவிட்டால் பிராட்காஸ்ட் போகாது, ஏஆர்பி முடியாது. டைப் 2 (மேக் முகவரி ரூட்) இருந்தும் புது ஹோஸ்ட் பேசவில்லை என்றால் இங்கேதான் ஓட்டை.

3. டைப் 2-இலும் டைப் 5-இலும் நெக்ஸ்ட் ஹாப் எதிர்த்தளத்தின் பொது விடெப்பாக இருக்கிறதா? லீஃப் முகவரி தெரிந்தால் வடிகட்டியில் கசிவு.

4. சர்வரிலிருந்து சர்வருக்கு முழு அளவு பிங், பிறகு ஐபெர்ஃப்3 வேகச் சோதனை. ஒரே ஸ்ட்ரீமில் வேகம் வராவிட்டால் லிங்கைக் குறை சொல்லும் முன் கணக்குப் போடுங்கள்: 20 மில்லிசெகண்ட் தாமதத்தில் 64 கிலோபைட் டிசிபி விண்டோ 26 மெகாபிட்தான் தரும், 1 கிகாபிட் நிரம்ப 2.5 மெகாபைட் விண்டோ வேண்டும். 8 ஸ்ட்ரீமில் எட்டு மடங்கு ஏறினால் லிங்க் நன்றாக இருக்கிறது, சர்வரின் பஃபரைப் பெரிதாக்குங்கள். 8 ஸ்ட்ரீமிலும் ஏறாமல் ரீட்ரான்ஸ்மிட் எகிறினால் போலீசர்.

5. உடைத்துப் பாருங்கள். ஒரு நெடுந்தூர லிங்க், ஒரு கேட்வேயின் பவர், ஒரு கேட்வேயின் ஸ்பைன் பக்க லிங்குகள் எல்லாம், கடைசியில் இரண்டு நெடுந்தூர லிங்குகளும் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் எத்தனை பிங் விழுந்தது என்று குறியுங்கள். கடைசிச் சோதனையைப் பலர் தவிர்க்கிறார்கள். இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்க்காத நிலையில் ஒவ்வொன்றும் தனியாக ஒழுங்காக நடக்கிறதா என்பதைக் காட்டுவது அது ஒன்றுதான்.

மாற்றம் செய்யும் இரவில் முதலில் ஆள் பயன்படுத்தாத சோதனை விலேன் ஒன்றை மட்டும் நீட்டி ஒரு வாரம் விடுங்கள். பிறகு ஒரு இரவுக்கு ஐந்தாறு. ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போகும் வழி ஒரே வரி: கேட்வேயிலிருந்து அந்த விஎன்ஐயை எடுத்துவிடுவது. அந்த வரியை அன்றைய குறிப்பில் எழுதி வையுங்கள். மஹாபேயில் கேபிளைத் தொடப்போகும் டெக்னீஷியனோடு நீங்கள் எந்த மொழியில் பேசினாலும், இரண்டு முனையிலும் ஒரே எண் ஒட்டிய லேபிள் இருக்கட்டும்; பிடுங்கும் முன் அந்த எண்ணைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். கேட்வேக்கு லிங்கைச் சாராத அவுட்-ஆஃப்-பேண்ட் வழி, 4ஜி ரவுட்டராகவாவது, வேலை தொடங்கும் முன் லாகின் செய்து பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.